எதிரியின் கண்ணில் நாம் எப்படித் தெரிந்தோம்? (1987 ஜனவரியின் கதை)

கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு வீடியோ வந்தது. வரைபடத்தில் அம்புக்குறி போட்டு, எந்த ஏவுகணை எத்தனை நிமிடத்தில் எந்த ஊரில் விழும் என்று ஒருவர் உற்சாகமாக விளக்குகிறார். அதற்குக் கீழே ஒரு பதில்: "அவன் பயந்துட்டான் சார், இனிமே வாலாட்ட மாட்டான்." "அவன் பயந்தால் நமக்கு நல்லதா, கெட்டதா?" என்று கேட்டேன். கேள்வியே புரியவில்லை என்று நாலு பேர் எழுதினீர்கள். வகுப்பாக இருந்தால் கரும்பலகையில் வரைந்து காட்டியிருப்பேன். இப்போது எனக்கு இதுதான் கரும்பலகை.

அணு ஆயுத நெருக்கடி என்றதும் உங்களுக்கு நினைவு வருவது கியூபா. 1962 அக்டோபர், கென்னடி, குருஷேவ், பதின்மூன்று நாள். பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி, தேர்வில் ஒரு கேள்வி. அது எங்கோ கடலுக்கு அப்பால் நடந்தது. நம் வாசலிலேயே, நம் ஊர்க்காரர் ஒருவர் தளபதியாக இருந்தபோது நடந்த ஒன்றைப் பற்றி நம் புத்தகத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. அதைச் சொல்கிறேன்.

கிருஷ்ணசாமி சுந்தரராஜன் 1928இல் செங்கல்பட்டில் பிறந்தவர், சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் படித்தவர். ராணுவத்தில் அவர் பெயர் சுந்தர்ஜி. மகார் ரெஜிமென்டில் சேர்ந்தார். ஐ.நா. படையோடு காங்கோவுக்குப் போனார். 1984இல் பொற்கோயில் நடவடிக்கையின்போது மேற்குப் படையின் தலைவர். 1986 பிப்ரவரி 1 அன்று தரைப்படையின் தலைமைத் தளபதி ஆனார். டாங்கிகள், கவச வண்டிகள், கம்ப்யூட்டர் என்று ராணுவத்தை வேகப்படுத்த வேண்டும் என்ற கட்சி. இன்னொரு விஷயமும் உண்டு. அணுகுண்டு பற்றிப் பேசவே நம் அதிகாரிகள் தயங்கிய காலத்தில், 1981இலேயே, மோ நகரின் ராணுவக் கல்லூரியில் இருந்தபோது அதைப் பற்றிக் கட்டுரை எழுதவைத்து, சுற்றுக்கு விட்டு, விவாதித்தவர் அவர்.

அவர் தளபதியான அதே ஆண்டு ஒரு மாபெரும் போர்ப் பயிற்சிக்குத் திட்டம் போட்டார். பெயர் 'பிராஸ்டாக்ஸ்'. முதல் கட்டங்கள் வரைபடத்திலும் கம்ப்யூட்டரிலும் நடந்தன. கடைசிக் கட்டம் ராஜஸ்தான் பாலைவனத்தில், நிஜப் படையோடு. எத்தனை பேர் என்பதில் ஆளுக்கு ஒரு கணக்கு. ஒன்றரை லட்சத்தில் தொடங்கி நாலு லட்சம் வரை எழுதியிருக்கிறார்கள். குறைந்த கணக்கை எடுத்துக்கொண்டாலும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆசியாவில் நடந்த மிகப் பெரிய பயிற்சிகளில் அது ஒன்று.

இப்போது கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இடது பக்கம் டெல்லி. டெல்லிக்குத் தெரிந்தது இது: நம் மண்ணில், நம் செலவில், புதிய யந்திரப் படை சரியாக இயங்குகிறதா என்று பார்க்கிறோம். யாரையும் தாக்கும் உத்தேசம் பிரதமருக்கு இல்லை.

வலது பக்கம் இஸ்லாமாபாத். அங்கே உட்கார்ந்து பாருங்கள். இந்தியப் படையின் பெரும் பகுதி எல்லையை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. பயிற்சி கிழக்கிலிருந்து மேற்காக நடக்கிறது. அதாவது, பயிற்சி நிற்காமல் தொடர்ந்தால் அது உங்கள் வீட்டுக்குள் வரும். எதிரே இருப்பது சிந்து மாகாணம். அங்கே 1983இலிருந்தே ஜெனரல் ஜியா ஆட்சிக்கு எதிராகக் கலவரம். கராச்சியையும் லாகூரையும் இணைக்கும் ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் ரஹீம் யார் கான் பக்கத்தில் எல்லைக்கு மிக அருகே போகின்றன. அங்கே ஒரு வெட்டு வெட்டினால் நாடு இரண்டு துண்டு. ஏற்கெனவே ஒரு முறை துண்டான நாடு அது. 1971க்கு அப்போது பதினைந்தே வருடம்தான் ஆகியிருந்தது. போதாததற்கு, மேற்கே ஆப்கானிஸ்தானில் சோவியத் படை. அந்த சோவியத் நாடு இந்தியாவோடு 1971இலேயே நட்பு ஒப்பந்தம் போட்டது.

பாகிஸ்தான் கேட்காமல் இல்லை. 1986 நவம்பர் 16, 17 தேதிகளில் பெங்களூரில் சார்க் மாநாடு. ஒகேனக்கல்லிலிருந்து பஸ் ஏறினால் நாலைந்து மணி நேரத்தில் போய்விடக்கூடிய பெங்களூர்தான். அங்கே பாகிஸ்தான் பிரதமர் ஜுனேஜோ ராஜீவ் காந்தியிடம் இந்தப் பயிற்சி பற்றிப் பேசினார். கவலைப்பட ஒன்றுமில்லை என்ற உறுதி கிடைத்தது. இரு நாட்டு ராணுவ இயக்குநர்களுக்கு இடையே நேரடித் தொலைபேசியும் இருந்தது. அதிலும் கேட்டார்கள், பதிலும் வந்தது. ஆனால் "சும்மா பயிற்சிதான்" என்பது, உண்மையிலேயே பயிற்சி நடத்துகிறவனும் சொல்லும் வார்த்தை, தாக்க வருகிறவனும் சொல்லும் வார்த்தை. கேட்பவன் எப்படிப் பிரித்தறிவான்?

ஆகவே பாகிஸ்தான், தன் கணக்கில் புத்திசாலித்தனமான ஒரு காரியம் செய்தது. அவர்களும் அந்தப் பருவத்தில் தங்கள் பயிற்சியை நடத்தி முடித்திருந்தார்கள். வழக்கமாகப் பயிற்சி முடிந்ததும் படை முகாமுக்குத் திரும்பும். இந்த முறை திரும்பவில்லை. அவர்களுடைய தெற்குக் கவசப் படை சட்லெஜ் நதியைத் தாண்டி வடக்கே நகர்ந்து, நம் பட்டிண்டா, பெரோஸ்பூர் பக்கத்தைப் பார்த்து நின்றது. வடக்குப் படை சியால்கோட் பக்கம், ஜம்முவுக்குப் போகும் சாலையைக் குறிவைக்கிற தூரத்தில். அவர்கள் மனதில் இது தற்காப்பு. "நீ ராஜஸ்தானில் நுழைந்தால் நான் பஞ்சாபில் நுழைவேன், ஆகவே நுழையாதே" என்ற செய்தி.

இப்போது மறுபடி இடது பக்கம் வாருங்கள். சில வாரங்களாக இந்திய உளவுத் துறைக்கு அந்தத் தெற்குப் படை எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. ஜனவரி நடுவில் அது கண்ணில் பட்ட இடம், எந்த இடத்தில் இருக்கக் கூடாது என்று டெல்லி நினைத்ததோ, அந்த இடம். 1986 ஏப்ரலில் தீவிரவாதிகள் பொற்கோயிலிலிருந்தே காலிஸ்தான் பிரகடனம் செய்திருந்தார்கள். ஆகஸ்டில், சுந்தர்ஜிக்கு முன் தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் வைத்யா புனேயில் நடுத்தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த நிலையில் பஞ்சாப் எல்லையில் பாகிஸ்தான் டாங்கிகள் என்றால் டெல்லிக்கு என்ன தோன்றும்? 1965இல் காஷ்மீருக்குள் ஆட்களை அனுப்பி, உள்ளே கலகம் மூண்டதும் படையோடு வரலாம் என்று அவர்கள் போட்ட திட்டம்தான் தோன்றும். அப்போது காஷ்மீர், இப்போது பஞ்சாப்.

இதை நன்றாகக் கவனியுங்கள். பாகிஸ்தான் 1971ஐ நினைத்துக்கொண்டு இந்தியாவைப் பார்த்தது. இந்தியா 1965ஐ நினைத்துக்கொண்டு பாகிஸ்தானைப் பார்த்தது. இருவரும் பார்த்தது ஒரே எல்லையை. ஆனால் இருவர் கையிலும் வேறு வேறு வருடத்துக் காலண்டர்.

அப்புறம் நடந்தது மளமளவென்று. ஜனவரி மூன்றாவது வாரம் விமானங்களில் பஞ்சாபுக்குப் படையை இறக்கினார்கள். 23ஆம் தேதி பஞ்சாப் எல்லை மூடப்பட்டது. விடுமுறைகள் ரத்து. வடகிழக்கில் சும்தோரோங் சூ பள்ளத்தாக்கில் சீனாவோடும் அப்போது ஒரு மோதல் நிலை இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டெல்லியில் நிர்வாகமும் அந்த வாரம் பார்த்துத்தான் ஆட்டம் கண்டது. 20ஆம் தேதி நிருபர்கள் முன்னிலையில் பிரதமர், வெளியுறவுச் செயலர் மாறப்போகிறார் என்று சொல்லிவிட, செயலர் ஏ.பி. வெங்கடேஸ்வரன் அன்றே ராஜினாமா செய்தார். 24ஆம் தேதி, அதுவரை நிதி அமைச்சராக இருந்த வி.பி. சிங் பாதுகாப்பு அமைச்சர் ஆனார். நெருக்கடி நேரத்தில் எதிரி நாட்டில் இப்படி அமைச்சரும் செயலரும் மாறினால், அதை உள்கட்சி விவகாரம் என்று எடுத்துக்கொள்வார்களா, போருக்குத் தயாராகிறார்கள் என்று எடுத்துக்கொள்வார்களா? நீங்களே சொல்லுங்கள்.

நமக்கு இதெல்லாம் எட்டியது காலை 7.15 டெல்லி தமிழ்ச் செய்தியில், அதுவும் பாதி. என் மைத்துனர் மெட்ராஸ் ரெஜிமென்டில் சிப்பாய். அந்தப் பொங்கலுக்கு லீவில் வந்திருந்தார். பொண்ணு பார்க்கப் போவதாக ஏற்பாடு. மாட்டுப் பொங்கல் முடிந்து நாலைந்து நாளில் தந்தி வந்துவிட்டது, உடனே திரும்பு என்று. என் மாமியார் தந்தி என்றாலே சாவுச் செய்தி என்று நினைக்கிற தலைமுறை. பிரித்துப் படிப்பதற்குள் அழ ஆரம்பித்துவிட்டார். சேலத்தில் ரயிலேற்றிவிட்டு வந்தேன். அவர் பஞ்சாப் எல்லையில் ஒரு வயலில் இரண்டு மாதம் பதுங்குகுழி வெட்டிக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபின் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எதிர்ல அவங்களும் குழி வெட்டிக்கிட்டுத்தான் இருந்தாங்க மாமா. நாங்க வெட்டறதைப் பார்த்து அவங்க வெட்டறாங்களா, அவங்க வெட்டறதைப் பார்த்து நாங்க வெட்டறோமான்னு எங்களுக்கே தெரியல." வெளிநாட்டுப் பேராசிரியர்கள் இதற்குத் தடித்தடியாகப் புத்தகம் போட்டிருக்கிறார்கள். சிப்பாய் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

ஜனவரிக் கடைசியில்தான் அனல் தணிந்தது. பாகிஸ்தான் வெளியுறவுச் செயலர் அப்துல் சத்தார் டெல்லிக்கு வந்தார். நம் பக்கம் பேசியவர் ஆல்ஃப்ரட் கொன்சால்வஸ். பிப்ரவரி 4 அன்று ஒப்பந்தம்: படைகளைப் பகுதி பகுதியாகப் பின்வாங்குவது. இதில் நம் ஊர்க்காரர்கள் யாரும் கவனிக்காத ஒரு வேடிக்கை உண்டு. அதே பிப்ரவரி 3 அன்று சென்னை சேப்பாக்கத்தில் இந்தியா-பாகிஸ்தான் முதல் டெஸ்ட் தொடங்கிவிட்டது! இம்ரான் கான் சதம், நம் ஸ்ரீகாந்த் சதம். எல்லையில் இரண்டு ராணுவமும் விரலைக் குதிரையில் வைத்துக்கொண்டிருக்க, சேப்பாக்கத்தில் கூட்டம் சுண்டல் தின்றுகொண்டு ஸ்கோர் கேட்டுக்கொண்டிருந்தது. நானும்தான், டிரான்சிஸ்டரில். பிப்ரவரி 21 அன்று ஜியாவே ஜெய்ப்பூர் டெஸ்ட் பார்க்கிற சாக்கில் இந்தியா வந்தார். அழைப்பு யார் கொடுத்தார்கள் என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். சுட்டுவிடுவானோ என்று பார்த்துக்கொண்டிருந்த ஆள் சட்டைக் காலரைத் திறந்துவிட்டு மைதானத்தில் வந்து உட்கார்ந்தால், அது ஆயிரம் உறுதிமொழிக்குச் சமம். பொய் சொல்வது வாய்க்குச் சுலபம், உடம்பை எதிரி ஊரில் கொண்டுவந்து வைப்பது சுலபமில்லை.

இதில் அணுகுண்டு எங்கே வந்தது என்று கேட்பீர்கள். வந்தது, ஆனால் தாமதமாக வந்தது. அதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பயம் தரும் பகுதி.

இந்தியா 1974இலேயே பொக்ரானில் வெடித்துக் காட்டிவிட்டது. பாகிஸ்தான் கஹுதாவில் யுரேனியம் செறிவூட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள் என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. நெருக்கடி உச்சத்தில் இருந்த ஜனவரி 28 அன்று, அந்தத் திட்டத்தின் தலைவர் ஏ.க்யூ. கான், இந்தியப் பத்திரிகையாளர் குல்தீப் நய்யாரைத் தன் வீட்டில் சந்தித்தார். எங்களிடம் குண்டு இருக்கிறது என்கிற பொருள்படப் பேசினார் என்று நய்யார் எழுதினார். அப்படிச் சொல்லவில்லை என்று கான் மறுத்தார். அது இந்தியாவுக்கு அனுப்பிய எச்சரிக்கை என்றே பலரும் கருதுகிறார்கள். ஆனால் அந்தப் பேட்டி லண்டன் 'அப்சர்வர்' பத்திரிகையில் வந்தது மார்ச் 1 அன்று. அதற்குள் ஒப்பந்தம் முடிந்து, படை பின்வாங்க ஆரம்பித்து, ஜெய்ப்பூர் டெஸ்டும் டிராவில் முடிந்துவிட்டது. "கிட்டே வராதே, வெடித்துவிடும்" என்ற போர்டை, ஆள் வந்து போன பிறகு மாட்டியது போல. ஜனவரியில் யாராவது ஒரு படி கூடுதலாக வைத்திருந்தால், எதிரில் என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே வைத்திருப்பார்கள்.

சுந்தர்ஜி உண்மையில் பயிற்சிதான் நடத்தினாரா, அல்லது பாகிஸ்தானைச் சீண்டிப் போருக்கு இழுக்கப் பார்த்தாரா? அப்போது மேற்குப் படைக்குத் தலைவராக இருந்த லெப்டினன்ட் ஜெனரல் ஹூன், இது போருக்கான ஏற்பாடுதான் என்று பிற்காலத்தில் புத்தகமே எழுதினார். மறுப்பவர்கள் நிறைய. என் கருத்து: ராஜீவிடம் போர் உத்தேசம் இருந்ததாகக் காட்ட ஆதாரம் போதாது. ஆனால் நம் தளபதிகளுக்கு உள்ளேயே, நம் நோக்கம் என்ன என்பதில் இப்படி இரண்டு கருத்து இருந்திருக்கிறது என்றால், எல்லைக்கு அப்பால் இருந்தவன் மோசமானதையே நம்பியதில் என்ன ஆச்சரியம்?

வல்லரசுகள் இதைவிடப் புத்திசாலிகள் என்று நினைக்க வேண்டாம். நம் சம்பவத்துக்கு மூன்றே வருடம் முன்பு, 1983 நவம்பரில், நேட்டோ 'ஏபிள் ஆர்ச்சர்' என்று ஒரு பயிற்சி நடத்தியது. அணுகுண்டு வீசும் கட்டளையை எப்படிக் கீழே அனுப்புவது என்று பார்க்கும் ஒத்திகை. அதற்கு முந்தைய செப்டம்பரில்தான் வழிதவறிய தென்கொரியப் பயணிகள் விமானத்தை சோவியத் சுட்டு வீழ்த்தியிருந்தது. மாஸ்கோ 1981இலிருந்தே தன் ஒற்றர்களுக்கு ஒரு பட்டியல் கொடுத்திருந்தது: மேற்கு நாடுகளின் அமைச்சக ஜன்னல்களில் இரவில் எத்தனை விளக்கு எரிகிறது, ரத்த வங்கிகளில் திடீரென்று ரத்தம் சேர்க்கிறார்களா, என்றெல்லாம் எண்ணி அனுப்பு என்று. ஒற்றர்கள் பலருக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் கேட்டதை அனுப்பினார்கள். அனுப்பியதைப் பார்த்து மேலே இருந்தவர்கள் பயந்தார்கள். பயந்ததால் இன்னும் கேட்டார்கள். அந்த நவம்பரில் மாஸ்கோ எவ்வளவு தூரம் நிஜமாகப் பயந்தது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் சண்டை. ஆனால் ஒரு விஷயத்தில் சந்தேகமில்லை. ரீகன் பிற்காலத்தில் தன் நினைவுக் குறிப்பில், சோவியத் தலைவர்கள் உண்மையாகவே அமெரிக்காவைக் கண்டு பயந்தார்கள் என்பது தனக்கு ஆச்சரியமாக இருந்தது என்று எழுதினார். உலகத்திலேயே மிகப் பெரிய ஆயுதக் கிடங்குகளில் ஒன்றை வைத்திருப்பவருக்கு, தன்னைக் கண்டு ஒருவன் பயப்படுவான் என்று தோன்றவில்லை! "நாம் நல்லவர்கள், அது அவனுக்கே தெரியும், ஆகவே அவன் பயப்படுவதாகச் சொல்வது நடிப்பு" என்கிற மாதிரி.

கியூபாவிலும் இதே கதைதான். தீவில் சோவியத் ஆட்கள் பத்தாயிரம் பேர் அளவில் இருப்பார்கள் என்று வாஷிங்டன் மதிப்பிட்டது. இருந்தது நாற்பதாயிரத்துக்கு மேல். அவர்களிடம் களத்தில் பயன்படுத்தும் சிறிய அணு ஆயுதங்களும் இருந்தன என்பது அமெரிக்கர்களுக்குச் சரியாகத் தெரிந்தது முப்பது வருடம் கழித்து, 1992இல் ஹவானாவில் இரு தரப்பும் உட்கார்ந்து பேசியபோதுதான். அன்று கென்னடியின் பாதுகாப்புச் செயலராக இருந்த மக்நமாரா அதைக் கேட்டு ஆடிப்போனார். தீவின் மேல் படையிறக்கலாம் என்று 1962இல் அவரிடம் சொன்னவர்கள் எத்தனை பேர்!

யூரி பிரான்ஃபென்பிரென்னர் என்ற அமெரிக்க உளவியலாளர், மாஸ்கோவில் பிறந்தவர், ரஷ்ய மொழி தெரிந்தவர். 1960இல் சோவியத் நாட்டுக்குப் போய் ஊர் ஊராகச் சாதாரண மக்களோடு பேசினார். அவர்கள் அமெரிக்காவைப் பற்றிச் சொன்னது: அவர்கள்தான் ஆக்கிரமிப்பாளர்கள், அவர்கள் அரசு மக்களை ஏமாற்றுகிறது, மக்கள் உள்ளூர அந்த அரசை ஆதரிக்கவில்லை, அவர்களை நம்ப முடியாது, அவர்கள் கொள்கை பைத்தியக்காரத்தனம். அவருக்குத் தலை சுற்றியது. ஏனென்றால் அமெரிக்காவில் சோவியத்தைப் பற்றி அவர் கேட்டு வளர்ந்தது எழுத்துப் பிசகாமல் இதே ஐந்துதான். நம் குழுவில் வருகிற வீடியோக்களையும் ஒரு நாள் இந்த ஐந்து தலைப்பில் பிரித்துப் பாருங்கள்.

இதற்கு அணுகுண்டே வேண்டாம், நம் ஆற்றிலேயே பார்த்தோமே. 2008 மார்ச், ஏப்ரல். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு. பல்லில் கறை, எலும்பில் வலி; உங்களில் எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு போட்டோவுக்கு நின்றீர்கள் என்று எனக்குத் தெரியும். நமக்கு அந்தக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வெறும் குடிநீர். அக்கரையில் அது "நம் தண்ணீரை எடுக்கிறார்கள், நம் தீவைப் பிடிக்கிறார்கள்". அவர்கள் தலைவர்கள் இங்கே வந்து பார்த்ததை நாம் படையெடுப்பு மாதிரிப் பேசினோம். நம் அறிக்கைகளை அவர்கள் அப்படிப் பேசினார்கள். பஸ்கள் நின்றன. அத்தனைக்கும் பரிசல்காரர்கள் இரு கரையிலும் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள், சம்பந்தம் செய்துகொண்டவர்களும் உண்டு. கர்நாடகத்தில் தேர்தல் முடியட்டும் என்று அன்றைய முதல்வர் கருணாநிதி திட்டத்தைத் தள்ளிவைத்தார். 2013இல் தண்ணீர் வந்தது. ஒப்பீட்டை இதற்கு மேல் இழுக்க மாட்டேன். ஆற்றுச் சண்டையில் தப்பு நடந்தால் அடுத்த வருடம் சரிசெய்யலாம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எதிரி பயப்படுவது நல்லதா? "அடித்தால் திருப்பி அடிப்பான்" என்ற பயம் ஓரளவு வேண்டும் என்று நம் திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம் ஆயுள் முழுக்க வாதாடினார். குண்டு என்பது போடுவதற்கு அல்ல, போடாமல் இருக்கச் செய்வதற்கு என்பது அவர் கட்சி. நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "நான் சும்மா இருந்தாலும் அடிக்கத்தான் போகிறான்" என்ற பயம் வேறு சாதி. முதல் பயம் கையைக் கட்டும். இரண்டாவது பயம், அவன் அடிப்பதற்குள் நான் அடித்துவிட வேண்டும் என்று கையை ஓங்க வைக்கும். 1987 ஜனவரியில் இரு தரப்பும் முதல் வகைப் பயத்தை உண்டாக்க நினைத்து இரண்டாவது வகையை உண்டாக்கிவிட்டார்கள். அமெரிக்காவுக்கும் சோவியத்துக்கும் நடுவே ஏவுகணை பறக்க அரை மணி நேரமாவது ஆகும். யோசிக்கலாம், போன் போடலாம். நமக்கும் பாகிஸ்தானுக்கும் நடுவே அது சில நிமிடம்.

அதனால்தான் 1987க்குப் பின் நடந்த சில சலிப்பூட்டும் விஷயங்களை நான் பெரிதாக மதிக்கிறேன். வீடியோ போடுகிறவர்கள் யாரும் இவற்றைப் பற்றிப் பேசமாட்டார்கள். 1988 டிசம்பர் 31 அன்று ராஜீவும் பேனசிர் பூட்டோவும் இஸ்லாமாபாத்தில் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள்: ஒருவர் அணு நிலையங்களை மற்றவர் தாக்குவதில்லை. மின் உலை, ஆராய்ச்சி உலை, செறிவூட்டும் இடம் எல்லாம் இதில் அடக்கம். நம் கல்பாக்கம் போன்ற நிலையங்களுக்கும் இது காப்பு. எங்கெங்கே இருக்கின்றன என்ற பட்டியலை ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் பரிமாறிக்கொள்ள வேண்டும். 1992இல் அது தொடங்கியது. 1991 ஏப்ரல் 6 அன்று இன்னொன்று: எல்லைப் பக்கம் பெரிய பயிற்சி நடத்தினால் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். பிராஸ்டாக்ஸ் போட்ட சூட்டின் தழும்பு அது. 2005இல் பாலிஸ்டிக் ஏவுகணைச் சோதனைக்கும் முன்னறிவிப்பு.

ஓட்டை இல்லாமல் இல்லை. 2022 மார்ச் 9 அன்று நம் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பிப் பாகிஸ்தான் பஞ்சாபில் மியான் சன்னு என்ற ஊரருகே போய் விழுந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. அது க்ரூஸ் வகை. 2005 ஒப்பந்தம் பாலிஸ்டிக் வகைக்கு மட்டும். தவறு நடந்துவிட்டது என்று நம் அரசு வெளிப்படையாகச் சொல்ல இரண்டு நாள் ஆயிற்று. பிறகு மூன்று விமானப்படை அதிகாரிகள் பணிநீக்கம். அந்த இரண்டு நாளும் எதிரில் இருந்தவர்கள் இதைத் தாக்குதல் என்று எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் நிதானத்தைப் பாராட்டினால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

2001 டிசம்பர் 13 அன்று நாடாளுமன்றத்தின் மேல் தாக்குதல். அடுத்த சில வாரங்களில் இரு நாட்டுப் படையும் எல்லைக்குப் போய் நின்றது, பத்து மாதம் நின்றது. கண்ணிவெடி புதைக்கும்போதும் எடுக்கும்போதும் நம் வீரர்கள் பலர் மாண்டார்கள். ரயில், பஸ், விமானம் எல்லாம் நின்றுபோயின. அந்த 2002 ஜனவரி 1 அன்றுகூட, டெல்லியிலும் இஸ்லாமாபாத்திலும் அதிகாரிகள் பட்டியலைக் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். அன்று எந்தப் பத்திரிகையிலும் அது முதல் பக்கச் செய்தியாக வந்ததாக எனக்கு நினைவில்லை.

சுந்தர்ஜி ஓய்வு பெற்றபின் 1993இல் ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதினார். இந்தியா-பாகிஸ்தான் அணுப் போர் பற்றியது. தலைப்பைத் தமிழில் சொன்னால் 'இந்துஸ்தானத்துக் குருடர்கள்'. யானையைத் தடவிப் பார்த்த கதைதான். ஆறாம் வகுப்பில் உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். எதிரில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஆளுக்கு ஒரு காலைத் தடவுகிற தலைவர்கள். பாலைவனத்தில் அத்தனை பெரிய யானையை நிறுத்திய மனிதரே அந்தத் தலைப்பை வைத்தார். 1999 பிப்ரவரி 8 அன்று காலமானார். பன்னிரண்டு நாள் கழித்து வாஜ்பாய் பஸ்ஸில் லாகூர் போனார். மே மாதம் கார்கில்.

அந்த நாவல் இப்போது கடையில் எளிதாகக் கிடைப்பதில்லை. உங்களில் யாரிடமாவது, அல்லது ராணுவத்தில் இருக்கிற நம் பிள்ளைகள் யாருடைய முகாம் நூலகத்திலாவது இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். பத்து நாளில் படித்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறேன், தபால் செலவு என்னுடையது.